பார்க்கப்படாதவற்றின் நிறம்

வாராந்திர அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருந்தால் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சர்வர்கள் பச்சை, லேப்டாப்கள் பச்சை, நெட்வொர்க் சாதனங்கள் பச்சை, உரிமங்கள் பச்சை. திரையில் பக்கம் நகர்கிறது, யாரோ "நெக்ஸ்ட்" என்கிறார்கள், கூட்டம் கலைகிறது. ஒரே ஒரு கட்டம் சிவந்திருந்தால் அதைப் பற்றி முக்கால் மணிநேரம் பேச்சு நடக்கும். அதைச் சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான பச்சைகள் அந்தப் பேச்சில் ஒருமுறைகூட வராது. எனக்குச் சிவப்பைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை, அதற்கென்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். உறுத்துவது பச்சைதான். ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் சர்வர்களையும் கணக்கில் வைத்து அவற்றின் நிலையை மேலிடத்துக்குத் தெரிவிக்கிற வேலையில் இருப்பவன் நான். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையிலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் ஏராளம். லண்டனிலோ டல்லஸிலோ யாரோ ஒருவருடைய மேசைக்கடியில் ஓடும் இயந்திரத்துக்கு இங்கே உட்கார்ந்து நிறம் பூசுகிறோம். பூசப் பூச ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வருகிறது. பச்சையைப் பார்க்கிறவர்கள் அதை 'நன்றாக இருக்கிறது' என்றா படிக்கிறார்கள்? 'இங்கே பார்க்க வேண்டியதில்லை' என்று படிப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. பார்க்காமலிருப்பதற்கென்று ஒரு நிறத்தை வைத்துக்கொண்டு, அதன் பரப்பைக் கொண்டே எங்கள் வேலையின் தரத்தையும் அளந்து வருகிறோம்.

ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் அசெட் டேக், அதாவது லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பார்கோடு ஸ்டிக்கரின் எண். பிறகு மாடல், சீரியல் நம்பர், யாரிடம் இருக்கிறது, எந்த ஊர், விண்டோஸின் எந்தப் பதிப்பு, வாரண்டி எப்போது முடிகிறது, ஆன்டிவைரஸ் உண்டா, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போட்டாயிற்றா. கடைசிக் கட்டம் நிறம். அதற்குச் சற்று முன்னால், பெரும்பாலும் யாரும் இழுத்துப் பார்க்காத குறுகலான ஒரு கட்டம் இருக்கும்: 'லாஸ்ட் சீன்'. அந்த லேப்டாப்பில் குடியிருக்கும் ஏஜென்ட் என்னும் சிறு மென்பொருள் கடைசியாக எப்போது எங்கள் சர்வரோடு பேசியது என்கிற தேதி. கட்டம் குறுகலாக இருப்பதால் எக்செல் அங்கே தேதியைக் காட்டாமல் ##### என்று குறிகளை அடுக்கிவைத்திருக்கும். அகலப்படுத்தினால் தேதி வெளியே வருகிறது: ஆறு வாரத்துக்கு முந்தையது. இந்த ஆறு வாரமாக அந்த லேப்டாப் மூடிக் கிடக்கிறதா, தொலைந்துவிட்டதா, வேலையை விட்டுப் போனவரின் வீட்டுப் பரணில் இருக்கிறதா, வேறு யார் கைக்காவது போய்விட்டதா, ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசியாகப் பேசிய அன்றைக்கு அதில் தேவையான பேட்ச்கள் எல்லாம் இருந்தன. ஆகவே பச்சை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சூத்திரம் எழுதியவர் பேட்ச் கட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னார், அது பார்த்தது. அறிக்கையின் தலைப்பில் இன்றைய தேதி இருக்கிறது, நிறத்துக்குத்தான் தேதி இல்லை. வெவ்வேறு நாட்களில் கிடைத்த தகவல்கள் ஒரே பச்சையில் கரைந்து, எல்லாம் இன்று காலை பார்த்து எழுதியவைபோல நிற்கின்றன.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் நினைவுக்கு வருகிறது. 1979 மார்ச் 28, அதிகாலை நான்கு மணிவாக்கில் அங்கே இரண்டாவது உலையில் அழுத்தம் கூடியது. அதைத் தணிக்கும் வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் தணிந்ததும் தானாக மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்ததைக் கண்ட பணியாளர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கோ வால்வின் உண்மையான நிலையைப் பார்த்து எரிவதோ அணைவதோ இல்லை. வால்வை இயக்கும் மின்சுருளுக்குப் போகும் கட்டளையோடு அதை இணைத்திருந்தார்கள். மூடச் சொல்லியாயிற்று என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இரண்டு மணிநேரத்துக்கும் மேலாக அந்தத் திறந்த வால்வு வழியாக உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. அந்த அறையில் இருந்தவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை, பயிற்சி பெற்றவர்கள். விளக்கை நம்பினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் உலகத்தில் அந்த விளக்குக்கு 'டிப்ளாய்டு' என்று பெயர். பேட்ச் அனுப்பும் கருவி அனுப்பிவிட்டதைச் சொல்லும், கணினிக்குள் இறங்கியதைச் சொல்லும், நிறுவப்பட்டதைச் சொல்லும். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு உண்மைகள். நிறுவிய பிறகும், ரீஸ்டார்ட் செய்யும்வரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஓட்டையுள்ள பழைய கோப்பாகவே இருக்கலாம். லேப்டாப்பை அணைக்கிற பழக்கமே இப்போது பலருக்கு இல்லை. மாலையில் மூடியை மூடிப் பையில் வைப்பார்கள், காலையில் திறப்பார்கள், வாரக்கணக்கில் இப்படியே போகும். அந்த வரிசையில் 'ரீஸ்டார்ட் பெண்டிங்' என்று இருக்கும். அதைப் பச்சையில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் அறிந்த எல்லா இடங்களிலும் ஒரு விவாதம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் சேர்த்துவிடுவதாகத்தான் முடியும். "நம்ம பக்க வேலை முடிஞ்சது" என்பது அதற்குக் காரணம். அந்த வாக்கியம் உண்மை. அதனால்தான் அதை மறுத்துப் பேசுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. அறிக்கை ஒரு கணினியின் நிலையைச் சொல்ல வேண்டியது, எங்கள் கடமை முடிந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

அதற்காக நிறங்களை எடுத்துவிடலாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பத்தாயிரம் வரிசைகள் கொண்ட பட்டியலை எந்தக் கண்ணும் எழுத்தெழுத்தாகப் படிக்காது. எண்கள் நிறைந்த பக்கத்தில் ஒரு சிவப்புக் கட்டம் இருந்தால் தேடாமலே பார்வை அங்கே போய் நிற்கிறது. இரவுப் பணியில், தூக்கக் கலக்கத்தில், நான்கு திரைகளுக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு நிறம் பெரிய துணை. சிவந்ததும் எழுந்து பார்க்கிறான். அதனால் பிழைத்த சர்வர்கள் உண்டு, கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரவுத் திரையின் நிறத்துக்கும் மாதாந்திர அறிக்கையின் நிறத்துக்கும் உறவு மிகக் குறைவு. முதலாவது சற்றுமுன் நடந்ததைச் சொல்கிறது, பார்ப்பவன் கையில் அதைச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. இரண்டாவது படியேறி வருகிறது. இன்ஜினியர் பட்டியலாக அனுப்புகிறார், லீட் அதைச் சதவீதமாக்குகிறார், மேனேஜர் சதவீதத்தை நிறமாக்குகிறார், அவருக்கும் மேலே இருப்பவர் ஐந்து நிறங்களைச் சேர்த்து ஒரே நிறமாக்குகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் விவரம் உதிர்கிறது, என்ன உதிர்ந்தது என்பது அடுத்த படியில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. கடைசியில் இயக்குநர்கள் முன் வைக்கப்படும் பக்கத்தில் 'எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி' என்ற தலைப்பும் பக்கத்தில் ஒரு பச்சை வட்டமும் மிஞ்சுகின்றன. அந்த வட்டத்துக்குப் பின்னால் எத்தனை ஆறு வாரத் தேதிகள் இருக்கின்றன என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் தோன்றாது.

எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. 95 சதவீதத்துக்கு மேல் பச்சை, 85 வரை ஆம்பர், அதற்கும் கீழே சிவப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஏன் 95 என்று கேட்டால், முந்தைய ஒப்பந்தத்தில் அப்படி இருந்தது என்பார்கள். விட்டுப்போன ஐந்து சதவீதத்தில் இருப்பது வரவேற்பறைக் கணினியா, சம்பளப் பட்டியல் ஓடும் சர்வரா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. ஒப்பந்தம் பேசாத இடங்களில் எக்செல்லே தீர்மானித்துவிடுகிறது. 2007 பதிப்பிலிருந்து அதில் போக்குவரத்து விளக்குபோல மூன்று வட்டங்கள் கொண்ட ஐகான் வரிசை உண்டு. கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் வந்து உட்கார்ந்துவிடும். 67க்கு மேல் பச்சை, 33க்கு மேல் மஞ்சள் என்பது அதில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு. இதை நூற்றுக்கு 67 என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், தேர்ந்தெடுத்த கட்டங்களில் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் அது 67 சதவீதம். நான்கு கிளைகளில் பேட்ச் போட்ட கணினிகள் 10, 22, 35, 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளையிலும் பாதிகூட முடியவில்லை. ஆனால் 35க்கும் 40க்கும் பச்சை வட்டம் வந்துவிடும். இன்னொரு நிறுவனத்தில் அதே கணக்கு 91, 94, 97, 99 என்று இருந்தால் 91க்குச் சிவப்பு விழும். மோசமானவர்களுக்கு நடுவே குறைவாக மோசமாக இருந்தால் பச்சை, நல்லவர்களுக்கு நடுவே சற்றுப் பின்தங்கினால் சிவப்பு. பக்கத்துக் கட்டத்தில் ஒரு எண் மாறினால் தன் எண் மாறாத கட்டமும் நிறம் மாறும். இந்த அமைப்பைத் திறந்து மாற்றாமல் அப்படியே அனுப்பப்பட்ட அறிக்கைகள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால் கலக்கமாக இருக்கிறது.

கணினி மாறாமல் நிறம் மாறுவதை 2025 அக்டோபரில் உலகம் முழுக்கப் பார்த்தோம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்தது. நேற்றுவரை பச்சையாக இருந்த வரிசைகள் மறுநாள் சிவந்தன. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. உள்ளே இருக்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்குப் போதாது என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்கள் மேலே நகரவும் வழியில்லாமல் நின்றன. பணம் கட்டி நீட்டிப்புப் பேட்ச்கள் வாங்கிய இடங்களில் அதே லேப்டாப்கள் மறுபடி பச்சைக்குத் திரும்பின. இந்தச் சிவப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க அதில் ஆள் இல்லை. ஆனாலும் பதிப்பை மட்டும் வைத்து நிறம் பூசுகிறவர்களை 2017 மே 12 எச்சரிக்க வேண்டும். அன்றுதான் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் கணினிகள் பூட்டிக்கொண்டன, அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின, அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பினார்கள். இங்கிலாந்தில் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் எழுதியது. காலாவதியான விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று முதலில் எல்லோரும் பேசினார்கள். அந்தத் தணிக்கை அறிக்கையைப் படித்தால், பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, அந்தக் கணினிகளில் அதைப் போடவில்லை. பதிப்பைப் பார்த்து நிறம் தரும் சூத்திரம் எக்ஸ்பியைச் சிவப்பாகவும் விண்டோஸ் 7ஐப் பச்சையாகவும் காட்டியிருக்கும், ஆபத்து பச்சைக்குள் இருந்திருக்கும்.

அதே தணிக்கை அறிக்கையில் என்னை இன்னும் அதிகமாகத் தடுமாற வைக்கும் ஒரு தகவல் உண்டு. தாக்குதலுக்கு முன்பே 88 அறக்கட்டளைகளில் நேரில் போய்ப் பாதுகாப்புச் சோதனை நடத்தியிருக்கிறார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. சோதித்த அமைப்புக்கு, குறை இருப்பதைச் சொல்ல முடிந்ததே தவிரச் சரிசெய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. அப்படியென்றால் எண்பத்தெட்டு சிவப்புகள் கண்முன்னே இருந்திருக்கின்றன. பார்வை போய் நின்ற இடத்தில் கையும் போகும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. நிறத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பதே தவறான இடத்தில் தோண்டுவதோ என்றுகூடச் சிலசமயம் படுகிறது. ஆனால் சிவப்பை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்களிடம் நாளைக்கு ஒரு கேள்வியாவது கேட்க முடியும். பச்சையை நம்பிச் சும்மா இருந்தவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பச்சையை நம்புவதில் உள்ள ஆபத்தை ரயில்வே உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1876 ஜனவரி 21, இங்கிலாந்தில் ஹண்டிங்டன் அருகே அபட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் கடும் பனிப்புயல். அந்தக் காலத்தில் அங்கே சிக்னல் கைகள் இயல்பாக 'போகலாம்' என்ற நிலையிலேயே இருக்கும், ஆபத்து இருந்தால் மட்டும் நெம்புகோலை இழுத்துத் தடுப்பு நிலைக்கு மாற்றுவார்கள். கம்பத்தின் பிளவுக்குள் இறங்கியிருந்த கைகளைப் பனி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சிக்னல்மேன் நெம்புகோலை இழுத்தார், கை அசையவில்லை. முன்னால் நிலக்கரி வண்டி தண்டவாளத்தில் நிற்க, ஸ்காட்லாந்திலிருந்து வந்த விரைவு ரயில் 'போகலாம்' என்ற சிக்னலை நம்பி அதில் மோதியது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து வந்த இன்னொரு விரைவு ரயில் அந்தச் சிதைவில் மோதியது. அதற்குப் பிறகுதான் சிக்னலின் இயல்புநிலை 'நில்' என்று மாறியது. வழி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு 'போகலாம்' காட்டுவார்கள், எது பழுதானாலும் கை 'நில்' என்ற நிலைக்கே போய்ச் சேர வேண்டும். விளக்கின் கதையும் இதே. முன்பு வெள்ளை ஒளி 'போகலாம்', பச்சை 'கவனம்', சிவப்பு 'நில்'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும் என்பது பெரிய ஆபத்து. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையை 'போகலாம்' ஆக்கினார்கள். தெரியாத நிலை ஒருபோதும் நல்ல நிலையாகத் தோன்றக் கூடாது என்று அவர்கள் எழுதிவைத்த விதியை எங்கள் அறிக்கைகள் இன்னும் ஏற்கவில்லை. எங்களிடம் பேசாத கணினி, கடைசியாகப் பேசியபோது என்ன நிறமோ அதே நிறத்தில் உறைந்து நிற்கிறது.

உறைந்து நிற்பவையாவது பட்டியலில் இருக்கின்றன. பட்டியலிலேயே இல்லாதவை? வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவரை வாக்களிக்காதவர் என்றுகூட யாரும் எண்ணுவதில்லை, சதவீதம் அவரைத் தொடாமலே உயர்ந்துவிடும். எங்கள் 98 சதவீதமும் அப்படித்தான். ஏஜென்ட் இருக்கும் கணினிகளில் 98. ஏஜென்ட்டே போடாத சர்வர், ஒரு துறை தன் தேவைக்குச் சொந்தமாக வாங்கிவைத்தது, யாரோ சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோனது, இவையெல்லாம் கணக்கின் கீழ்ப்பகுதியில் வருவதே இல்லை. பாதுகாப்பு வழிகாட்டிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் சிஐஎஸ் கட்டுப்பாடுகளில் முதலாவதே, உன்னிடம் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று தெரிந்து வை என்பதுதான். 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்துக்கு நடந்தது இதற்கு ஆகப் பெரிய சாட்சி. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை இருப்பதாக மார்ச் மாதமே அரசின் எச்சரிக்கை வந்தது. நிறுவனம் அதை ஊழியர்களுக்கு அனுப்பியது, ஸ்கேனும் ஓட்டியது. ஓட்டையுள்ள எதுவும் அகப்படவில்லை. ஆனால் 1970களில் உருவான ஓர் அமைப்போடு இணைந்த வாடிக்கையாளர் வலைத்தளத்தில் அந்த ஓட்டை இருந்தது. மே மாதத்தில் திருடர்கள் உள்ளே வந்தார்கள். நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய சாதனம் அணைந்திருக்கவில்லை, அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதால் மறைகுறியாக்கப்பட்ட எதையும் அதனால் படிக்க முடியவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து உடனே கண்ணில் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன. நிறுவனத்திடம் தன் சாதனங்களின் முழுப் பட்டியல் இருக்கவில்லை என்று பிற்பாடு அமெரிக்க செனட் துணைக்குழு எழுதியது. ஸ்கேனில் ஒன்றும் அகப்படாத நாளில் பூசப்படும் பச்சையைவிட ஆழமான பச்சை எனக்குத் தெரிந்து இல்லை.

பார்க்கிற கண்ணைப் பற்றியும் கொஞ்சம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறிவதில் குறை உண்டு. நம் அறிக்கைகள் போய்ச்சேரும் கூட்ட அறைகளில் அப்படி ஒருவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரயில் ஓட்டப்போகிறவரை இஷிஹாரா தட்டுகளைக் காட்டிச் சோதிக்கிறார்கள், அறிக்கை படிக்கப்போகிறவரை யாரும் சோதிப்பதில்லை. அவரும் வெளியே சொல்வதில்லை. தகவலைச் சொல்ல நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்று இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் 1.4.1 என்ற எண்ணில் தெளிவாக இருக்கிறது, கட்டத்துக்குள் ஒரு சொல்லை எழுதினால் போதும். துணைமின் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் துறைக்கு வந்த ஒருவருக்குச் சிவப்பு விளக்கென்றால் பிரேக்கர் மூடி மின்சாரம் ஓடுகிறது, பச்சையென்றால் பிரேக்கர் திறந்து மின்சாரம் நின்றிருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் பங்கு விலை ஏறினால் சிவப்பில் காட்டுவார்கள். நிறம் எல்லோருக்கும் ஒன்றையே சொல்லும் என்ற எண்ணத்தில்தான் அதன் பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதாமல் விடுகிறோம்.

இவற்றையெல்லாம் சூத்திரத்தைத் திருத்தி, சொல்லைச் சேர்த்துச் சரிசெய்துவிட முடியும். மனிதர்கள் நிறத்தை ஒருவருக்கொருவர் பேரம் பேசிக்கொள்வதை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை மாலை, அறிக்கை போக ஒரு மணிநேரம் இருக்கும்போது நடக்கும் பேச்சு இப்படி இருக்கும். "என்னப்பா, இது ஏன் ரெட்ல இருக்கு?" "சார், நாப்பது சர்வர் இன்னும் பேட்ச் ஆகலை சார். அப்ளிகேஷன் டீம் டவுன்டைம் தரமாட்டேங்கிறாங்க." "அப்ப அது நம்ம பிரச்சினை இல்லையே. ஆம்பர்ல போட்டுட்டு கீழ ஒரு நோட் எழுதிரு." "சரிங்க சார்." அந்த இளைஞன் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நிறத்தை மாற்றுகிறான். கீழே எட்டுப் புள்ளி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறான். மேலாளர் கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை காலை அந்தச் சிவப்புக்காகத் திட்டு வாங்கப்போகிறவர் அவர்தான், டவுன்டைம் தராதவர் அந்த அழைப்பிலேயே இருக்கமாட்டார். ஆம்பர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி என்று வைத்தார்கள், இப்போது நாற்பது சர்வர்களும் மாதக்கணக்கில் அங்கேயே வசிக்கின்றன. 2006இல் ஃபோர்டு நிறுவனத்துக்குத் தலைமையேற்ற ஆலன் முலாலி, வாராவாரம் நடத்திய கூட்டத்தில் நிர்வாகிகளின் நிற அட்டவணைகள் எல்லாம் பச்சையாக வந்ததைப் பார்த்துத் திகைத்தார் என்பது எங்கள் துறையில் பலமுறை சொல்லப்படுவது. அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். மார்க் ஃபீல்ட்ஸ் என்ற நிர்வாகி ஒருவர் துணிந்து முதல்முறையாகச் சிவப்பைக் காட்டியபோது முலாலி கைதட்டினார். இதைப் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறவர்கள் கைதட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய வாரங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அத்தனை அனுபவசாலிகள், அத்தனை சம்பளம், ஒருவருக்கும் சிவப்புக் காட்டத் தைரியம் வரவில்லை. அப்படியிருக்கும்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடத்தில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? அவன் சிவப்பைச் சிவப்பாகவே அனுப்பும் உரிமையை யாராவது அவனுக்கு எழுத்தில் தந்திருக்க வேண்டாமா?

நான் செய்துபார்த்தது ஒன்று உண்டு. சாம்பல் என்று நான்காவதாக ஒரு நிறத்தைச் சேர்த்தேன். முப்பது நாட்களுக்கு மேல் பேசாத எந்தச் சாதனமும், அதன் பேட்ச் கட்டம் என்ன சொன்னாலும், சாம்பல்தான். பச்சைக்கு வர அது மறுபடி பேச வேண்டும். முதல் அறிக்கையைப் பார்த்த சக ஊழியர் பதறிப்போனார். "இவ்வளவு சாம்பல் இருந்தா கிளையன்ட் பயந்துடுவாங்க சார். நேத்துவரைக்கும் பச்சைன்னு சொன்னோம், இன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னா எப்படி?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தெரியாது என்று சொல்வதற்கு எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. தப்பு நடந்துவிட்டது என்றால்கூட மன்னிப்பார்கள், தெரியவில்லை என்றால் பிறகு உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். இருந்தாலும் அனுப்பினோம். அழைப்பில் சில நிமிடம் மௌனம், பிறகு கேள்விகள். பச்சைகளைப் பற்றி முதல்முறையாகக் கேள்விகள். எந்த ஊரில் அதிகம் சாம்பல், யாருடைய துறை, கடைசியாகப் பார்த்தவர் யார். சில லேப்டாப்களை அலமாரிகளிலிருந்து எடுத்தார்கள், சிலவற்றில் ஏஜென்ட் செத்துக் கிடந்ததைக் கண்டு மறுபடி போட்டார்கள்.

பிறகு சாம்பலைக் குறைப்பது ஒரு இலக்கானது. அடுத்தடுத்த அறிக்கைகளில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. நம்ப முடியாத வேகத்தில் இறங்கியதால் வரிசைகளைத் திறந்து பார்த்தேன். காணாமல்போன சாம்பல்களில் ஒரு பெரும்பகுதி பச்சைக்கு வந்திருக்கவில்லை. 'ரிட்டயர்டு' என்ற நிலைக்கு மாறியிருந்தன. 'மிஸ்ஸிங்' என்றும் ஒரு நிலை அந்தப் பட்டியலில் உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும், காப்பீட்டுக்கு எழுத வேண்டும், தகவல் கசிந்ததா என்று விசாரிக்க வேண்டும். 'ரிட்டயர்டு'க்கு ஒரு சொடுக்கு. சொடுக்கியதும் அந்தச் சாதனம் அறிக்கையைவிட்டே வெளியேறுகிறது, அதற்கு நிறமே கிடையாது. உண்மையிலேயே ஓய்வு பெற்ற கணினி என்றால் அதன் டிஸ்க் அழிக்கப்பட்டதற்கு ஒரு சான்று இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் போன்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்ததற்கான ரசீதில் சீரியல் நம்பரைக் குறித்து வாங்கலாம். இப்போது நிற அறிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, ரிட்டயர்டு பட்டியலின் சீரியல் நம்பர்களை மறுசுழற்சியாளரின் ரசீதுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ரசீதில் இருக்கும் எண்களைவிடப் பட்டியலில் இருப்பவை அதிகம்.